டிஸ்னியின் உணவுத் திட்டமா, நம் கட்டுச்சோறா?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரை ஒட்டியுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்னும் பொழுதுபோக்குப் பூங்கா வளாகத்துக்குச் சிறு குழந்தைகளோடு செல்லும் குடும்பத்துக்கு, விமானச் சீட்டும் விடுதியும் முடிவானவுடன் எழும் அடுத்த கேள்வி சாப்பாடு பற்றியதுதான். பூங்கா நிர்வாகமே விற்கும் உணவுத் திட்டத்துக்கு இங்கிருந்தே மொத்தமாகப் பணம் கட்டிவிடுவதா, அங்கே போய்ப் பசிக்கும்போது வாங்கிக்கொள்வதா, அல்லது கையோடு கொண்டுபோவதா என்று, கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று நாள்கள் பேசினோம். 2024 மே மாதம் நாங்கள் போனோம். நானும் கணவரும் ஏழு வயது மகளும், மூன்று வயது நிறையாத மகனுமாக நான்கு பேர். நான்கு இரவுகள் தங்கல். வீட்டில் சைவம். இந்த விவரங்களை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு; இவற்றில் ஒன்று மாறினாலும் கீழே வரும் கணக்கு மாறும்.

கொரோனா காலத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த உணவுத் திட்டம் 2024 ஜனவரி 9 அன்று மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அதில் இரண்டு வகை உண்டு. முதலாவது விரைவு உணவுத் திட்டம்: கவுன்டரில் வாங்கிச் சாப்பிடும் உணவு இரண்டு வேளைக்கு, நொறுக்குத் தீனி ஒன்று. இரண்டாவது, பெயரில் எந்த அடைமொழியும் இல்லாத முழுத் திட்டம்: மேசையில் அமர்ந்து பரிமாறப்படும் உணவு ஒரு வேளை, கவுன்டர் உணவு ஒரு வேளை, நொறுக்குத் தீனி ஒன்று. இரண்டிலும், தங்கியிருக்கும் நாள் முழுக்க விடுதியில் காப்பி, குளிர்பானம் நிரப்பிக்கொள்ள ஆளுக்கொரு குவளை தருகிறார்கள். அந்தக் குவளை விடுதிக்குள் மட்டுமே செல்லும், பூங்காவுக்குள் செல்லாது. ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் ஒரு டோக்கன் என்று வைத்துக்கொண்டால் புரிந்துகொள்ள எளிது. டோக்கன்கள் பகல்களை எண்ணித் தரப்படுவதில்லை, இரவுகளை எண்ணித் தரப்படுகின்றன. நான்கு இரவு தங்குகிறவர் ஐந்து பகல் பூங்காவில் இருப்பார். ஆனால் டோக்கன் நான்கு நாளுக்குத்தான். அறையைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு மிச்சமுள்ள டோக்கன் அத்தனையும் செல்லாமற்போகும்.

இந்த இடத்தில்தான், கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்ற என் மாமனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, சாப்பிடாத சாப்பாட்டுக்குமா முன்பணம் கட்டறது?” “ஆமாம் மாமா, மிச்சமானா திருப்பித் தரமாட்டாங்க” என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இன்னும் மூன்று விதிகளை அறிந்துகொள்ளாமல் விலையைப் பார்ப்பதில் பயனில்லை. திட்டம் வேண்டுமானால் டிஸ்னியின் சொந்த விடுதியில் தங்க வேண்டும். வெளி விடுதியில் தங்குகிறவருக்கும் உறவினர் வீட்டிலிருந்து வந்துபோகிறவருக்கும் அது கிடையாது. ஓர் அறையில் தங்கும் மூன்று வயதுக்கு மேற்பட்ட அனைவரும் ஒரே திட்டத்தில் சேர வேண்டும். குழந்தைக்கு மட்டும் வாங்கிவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. மூன்று வயது நிறையாத குழந்தைக்கு நுழைவுச் சீட்டும் வேண்டியதில்லை, உணவுத் திட்டமும் வேண்டியதில்லை. பெற்றோர் தட்டிலிருந்து சாப்பிடலாம், தானே எடுத்துச் சாப்பிடும் பஃபே உணவகங்களில் அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. 2024-இல் மூன்று முதல் ஒன்பது வயது வரை குழந்தைக் கட்டணம். பத்து வயது ஆகிவிட்டால், அரை வயிறு சாப்பிடும் பிள்ளையானாலும் பெரியவர் கணக்குதான்.

இப்போது விலை. 2024-இல் முழுத் திட்டம் ஓர் இரவுக்குப் பெரியவருக்கு 94.28 டாலர், குழந்தைக்கு 29.69 டாலர். விரைவு உணவுத் திட்டம் பெரியவருக்கு 57.01, குழந்தைக்கு 23.83. விற்பனை வரி இதற்குள் அடங்கும். பரிமாறுபவருக்குத் தரும் அன்பளிப்பு அடங்காது. எங்கள் குடும்பத்துக்கு முழுத் திட்டம் ஓர் இரவுக்கு 218.25 டாலர், நான்கு இரவுக்கு 873 டாலர். விரைவு உணவுத் திட்டம் 137.85 வீதம் 551.40 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் முன்னது 74,205 ரூபாய், பின்னது 46,869 ரூபாய். பிந்திய ஆண்டில் போகிறவர்கள் அந்தந்த ஆண்டின் விலையை இந்த எண்களின் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்; கணக்குப் போடும் முறை மாறாது.

விரைவு உணவுத் திட்டத்தை முதலில் தள்ளிவிடலாம். 2024-இல் கவுன்டரில் ஒரு பெரியவர் உணவு ஏறத்தாழ 15 டாலர், பானம் நாலரை டாலர். இரண்டு வேளையும் பானத்தோடு சாப்பிட்டு, ஆறரை டாலருக்கு ஒரு ஐஸ்கிரீமும் தின்று, ஆறரை சதவீத வரியும் கட்டினால்கூட 48 டாலரைச் சற்றுத் தாண்டுகிறது. திட்டத்தின் விலையோ 57. வயது வந்தவர் பானத்துக்குப் பதில் பீர் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், இரண்டு வேளையும் பீர் குடிப்பவருக்கு இது ஈடுகட்டும். சைவ உணவு விலையில் சற்றுக் குறைவு. தண்ணீர் போதும் என்பவர்களுக்கு, பானம் விற்கும் கவுன்டர்களில் ஐஸ் போட்ட குடிநீர் கேட்டால் காசில்லாமல் தருகிறார்கள். அப்படிப்பட்டவருக்கு ஒரு நாளில் செலவாவது 37 டாலர் அளவே. ஆகவே எங்கள் இருவருக்குமாக ஒரு நாளைக்கு 40 டாலர் வீணாகியிருக்கும். குவளை தனியே இருபது டாலருக்குச் சற்று மேல் விற்றது. அதைக் கழித்தாலும் நட்டம் நட்டமே. குழந்தையின் 23.83 மட்டும் ஏறக்குறைய சரியாகப் பொருந்துகிறது. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

முழுத் திட்டத்தை அப்படி ஒரே வாக்கியத்தில் தள்ள முடியாது. அது நின்றாலும் விழுந்தாலும் ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது: கார்ட்டூன் பாத்திரங்கள் மேசைதோறும் வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் உணவகங்களில் நாள்தோறும் சாப்பிடப் போகிறோமா, இல்லையா? மிக்கி மவுஸ் வரும் ‘ஷெஃப் மிக்கீஸ்’ போன்ற பஃபேயில் இரவு உணவு பெரியவருக்கு அறுபது டாலருக்கு மேல், குழந்தைக்கு நாற்பதை ஒட்டி. திட்டத்தில் இதற்கும் ஒரே டோக்கன்தான். குழந்தையின் ஒரு நாள் திட்டமே 29.69 என்னும்போது, அந்த ஒரு வேளையிலேயே அசலுக்கு மேல் திரும்பிவிடுகிறது. மேசை உணவை நாள்தோறும் இப்படிப்பட்ட இடத்தில் வைத்துக்கொண்டு, மற்ற வேளைக்குக் கவுன்டர் சைவ உணவு என்று கூட்டினால், எங்கள் குடும்பத்துக்கு ஒரு நாள் செலவு வரியோடு ஏறத்தாழ 232 டாலர் ஆகிறது, திட்டமோ 218.25. அசைவம் சாப்பிட்டு, பானமும் வாங்குகிற குடும்பமானால் வித்தியாசம் 27 டாலர் அளவுக்கு உயரும். இதுவரை திட்டத்தின் பக்கம்தான் நியாயம்.

ஆனால் மேசை உணவை வழக்கமான உணவகத்தில், ஒரு சைவப் பண்டமும் ஒரு இனிப்புமாக முடித்துக்கொண்டால், அதே நாள் செலவு 150 டாலருக்குள் அடங்கிவிடுகிறது. திட்டக்காரர் அப்போது நாளுக்கு எழுபது டாலர் இழக்கிறார். முதலில் வரும் முன்னுணவுப் பண்டங்கள் திட்டத்தில் சேராது என்பதும் சைவர்களுக்குப் பாதகம். அனிமல் கிங்டம் லாட்ஜ் விடுதியிலுள்ள ‘சனா’ உணவகத்தில் ‘நான்’ ரொட்டி, குல்சா, பன்னீர் பராட்டா என்று ஐந்து வகை ரொட்டியும், மாங்காய்ச் சட்னி, புளிச் சட்னி, வெள்ளரித் தயிர்ப்பச்சடி உள்ளிட்ட ஒன்பது வகைத் தொட்டுக்கொள்ளும் பண்டங்களும் ஒரே தட்டில் வருகின்றன. நம்மவர் நாக்குக்கு அந்தப் பூங்கா முழுவதிலும் அதைவிட ஒத்த பண்டம் வேறில்லை. அது முன்னுணவுப் பட்டியலில் இருப்பதால் தனியே காசு கொடுக்க வேண்டும்.

அன்பளிப்பையும் மறந்துவிடக் கூடாது. அங்கே மேசையில் பரிமாறுபவருக்குப் பதினெட்டு முதல் இருபது சதவீதம் தருவது வழக்கம். 160 டாலர் மதிப்புள்ள பஃபே சாப்பாட்டைத் திட்டத்தில் சாப்பிட்டாலும், அந்த 160-க்குத்தான் அன்பளிப்பு. அதாவது ஒரு வேளைக்கு 29 டாலர் கையிலிருந்து போகும். நாள்தோறும் மேசையில் அமர்ந்தால் நான்கு நாளில் 115 டாலர் ஆகிறது. முன்பணம் கட்டியாயிற்று, இனிச் செலவில்லை என்ற நிம்மதிக்காகத் திட்டம் வாங்குபவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த நிம்மதியை நான் இகழ்ந்து பேசவில்லை. வெளிநாட்டில் ஒவ்வொரு வாய்க்கும் 85-ஆல் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. மிக்கி முகம் வைத்த குச்சி ஐஸுக்கு ஐந்நூறு ரூபாய் என்று மனத்துக்குள் ஓடிவிட்டால், அதை வாங்கிக்கொடுக்கிற கை தயங்கும், குழந்தையின் முகம் வாடும். மாமனாரோ மாமியாரோ உடன் வருகிற குடும்பத்துக்கு, விலைப்பட்டியலைப் பார்க்கவே தேவையில்லாத திட்டம் சண்டை சச்சரவைக் குறைக்கும். அதற்காக நாளுக்கு இருபது முப்பது டாலர் கூடுதலாகக் கொடுப்பது தவறென்று சொல்லமாட்டேன். எழுபது கொடுப்பது அதிகம்.

விலைக்கு அப்பால் நேரம் என்று ஒன்று இருக்கிறது. கார்ட்டூன் பாத்திரங்கள் வரும் உணவகங்களில் இடம் பிடிக்க அறுபது நாள்களுக்கு முன்பே பதிவுசெய்ய வேண்டும். ஃபுளோரிடாவில் காலை ஆறு மணிக்குப் பதிவு தொடங்கும்போது நமக்குப் பிற்பகல் 3.30 (அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்தள்ளுவதற்கு முன் என்றால் 4.30). மார்ச் மாதத்து வெயிலில், மின்சாரம் போய்விடுமோ என்ற அச்சத்தோடு மடிக்கணினி முன் உட்கார்ந்து ஒரே ஒரு காலை உணவுக்கு இடம் பிடித்தேன். நான்கு நாளுக்கும் பிடித்திருக்க முடியும்தான். பிடித்தபின் அந்த மணிக்கு அங்கே போய் நின்றாக வேண்டும். ரத்துசெய்யாமல் போகாமலிருந்தால் ஆளுக்கு 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள். உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் போகும். இரண்டு வயதுப் பிள்ளை தள்ளுவண்டியில் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பான்.

தூக்கம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. மே மாதத்தில் நமக்கும் ஃபுளோரிடாவுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். முதல் இரண்டு நாள் அதிகாலை இரண்டு மணிக்கு இரு குழந்தைகளும் விழித்துக்கொண்டார்கள். கும்பகோணத்தில் அப்போது பகல் பதினொன்றரை, அவர்கள் வயிற்றுக்குச் சாப்பாட்டு வேளை. விடுதி உணவுக்கூடம் மூடியிருந்தது. எந்தத் திட்டத்தின் எந்த டோக்கனும் அந்நேரத்தில் உதவாது. மகள் கட்டிலில் சம்மணமிட்டு, எவர்சில்வர் சம்படத்திலிருந்து புளியோதரையைக் கரண்டியால் எடுத்து, வேர்க்கடலையை மட்டும் ஓரமாக ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டுவிட்டு, “இன்னும் விடியலையாம்மா?” என்று கேட்டாள். மூன்றாம் வழியைப் பற்றி எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அப்போது தீர்ந்தது.

மூன்றாம் வழி, கட்டுச்சோறு. நம் பக்கத்துப் பொழுதுபோக்குப் பூங்காக்களில் பெரும்பாலும் வெளியுணவை வாசலிலேயே நிறுத்திவிடுவதால், இது நடக்கிற காரியமா என்று பலர் கேட்கவே துணிவதில்லை. டிஸ்னி வேர்ல்டில் சொந்த உபயோகத்துக்கான உணவைப் பூங்காவுக்குள் கொண்டுபோக அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரம் கூடாது; குழந்தை உணவுச் சிறு பாட்டிலுக்கு மட்டும் விலக்கு. உதிரி ஐஸ் கட்டிகளும் உலர் பனிக்கட்டியும் கூடாது. உறையவைத்த ஜெல் பொட்டலம் வைத்துக்கொள்ளலாம். ஆவக்காய் கண்ணாடி ஜாடியில் இருந்ததால், கிளம்பும் காலையில் அதைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினோம். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் ஆகிய நான்கு பூங்காக்களிலும் குழந்தை பராமரிப்பு மையம் ஒன்று இருக்கிறது. அங்கே மைக்ரோவேவ் அடுப்பு, தொட்டி, குழந்தைக்கான உயர நாற்காலி எல்லாம் உண்டு. பருப்புச் சாதத்தை அங்கே சூடுபண்ணி, நெய் விட்டுப் பிசைந்து மகனுக்கு ஊட்டியபோது, பக்கத்தில் புட்டிப்பால் கலக்கிக்கொண்டிருந்த பெண்மணி வாசனையைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். கவுன்டரில் வாங்கிய மக்ரோனியை இரண்டு வாயோடு துப்பியவன், அந்தக் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டான்.

சாமான் எங்கிருந்து வரும் என்பதுதான் கட்டுச்சோற்றின் சிக்கல். நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த மண்ணிலிருந்து போகிறவர் அமெரிக்காவுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுபோக முடியாது. கப்ரா என்னும் தானிய வண்டு பரவிவிடும் என்பதால், நம் நாட்டிலிருந்து பயணப் பெட்டியில் வரும் அரிசியைச் சுங்கத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள். பொடி, ஊறுகாய் போன்றவற்றைச் சுங்கத்தில் அறிவித்துவிட்டுக் கொண்டுபோவதே முறை. எங்களுக்கு டாம்பாவில் நாத்தனார் இருந்தார். ஆர்லாண்டோவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். அங்குள்ள இந்தியக் கடையில் பொன்னி அரிசியே கிடைத்தது. புளிக்காய்ச்சலையும் இரண்டு நாளைக்கான சாதத்தையும் இட்லியையும் அவர் கட்டிக்கொடுத்தார். விடுதி அறையில் சிறு ஃபிரிட்ஜ் இருந்தது. சூடுபண்ண உணவுக்கூடத்து மைக்ரோவேவ்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். இரண்டாம் நாள், சவாரிக்கு வரிசையில் நின்ற நேரத்தில் தயிர்சாதத்தை வெளியே வெயிலில் நின்ற தள்ளுவண்டியிலேயே விட்டுவிட்டேன். ஃபுளோரிடாவின் மே வெயில் தஞ்சாவூரைவிடக் குறைவுதான்; ஆனால் புழுக்கம் நாகப்பட்டினத்துக் கடலோரத்தை ஒத்தது. திறந்தபோது புளித்து நுரைத்திருந்தது. அன்று மதியம் அனிமல் கிங்டத்தின் ‘சாதுலி கேன்டீன்’ கவுன்டரில், காரம் தடவிய சோயாபீன் கட்டியைச் சாதத்தின் மேல் வைத்துத் தரும் கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது. கட்டுச்சோறு கெட்டுப்போனாலும் பட்டினி இல்லை என்பதே, டோக்கன் எதுவும் வாங்காமல் போனதன் சௌகரியம்.

செலவுக் கணக்கு: மேஜிக் கிங்டத்தில் வின்னி த பூ கரடி வரும் ‘கிறிஸ்டல் பேலஸ்’ காலை உணவு ஒரு வேளை, வரியும் அன்பளிப்பும் உட்பட ஏறத்தாழ 160 டாலர், மகனுக்குக் கட்டணமில்லை, நாளுக்கு ஒரு வேளை கவுன்டர் உணவு நான்கு நாளுக்கு 150-ஐச் சற்றுத் தாண்டி, நொறுக்குத் தீனி 77, டாம்பாவில் வாங்கிய சாமான் 60. மொத்தம் 450 டாலர். விரைவு உணவுத் திட்டத்தைவிட 100 டாலர் குறைவு. முழுத் திட்டத்தைவிட, அன்பளிப்பைச் சேர்க்காமலே, 420 டாலருக்கு மேல் குறைவு. நாத்தனாரின் உழைப்புக்கு இதில் விலை போடவில்லை. போட்டிருந்தால், அவர் சுட்டுத் தந்த நாற்பது இட்லிக்கு டிஸ்னி விலையில் என்ன வந்திருக்குமோ.

அப்படி உறவுக்காரர் அருகில் இல்லாதவர்கள், விடுதிக்கே மளிகைச் சாமான் கொண்டுவந்து தரும் கடைகளிடம் பால், ரொட்டி, பழம், தயிர் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துக் காலை உணவையும் நள்ளிரவுப் பசியையும் அறையிலேயே முடித்துக்கொள்ளலாம். மற்ற இரு வேளையும் கவுன்டரில் காசு கொடுத்து வாங்கினாலும், சைவக் குடும்பத்துக்கு விரைவு உணவுத் திட்டத்தைவிடக் குறைவாகவே ஆகும். அசைவம் சாப்பிடுகிற, குழந்தைகளுக்காக நாள்தோறும் கார்ட்டூன் பாத்திரங்களோடு உட்கார ஆசைப்படுகிற குடும்பம் முழுத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். இடம் பிடித்து முடித்தபிறகுதான் பணம் கட்ட வேண்டும் என்பதில் மட்டும் கவனமாக இருக்கட்டும்.

என் மகனுக்கு இப்போது மூன்று வயது தாண்டிவிட்டது. இனிப் போனால் அவனுக்கும் நுழைவுச் சீட்டு வேண்டும், அவனும் கணக்கில் வருவான். 2024-இன் விலையிலேயே பார்த்தாலும் முழுத் திட்டம் நாளுக்கு 247.94 டாலர், நாள்தோறும் பாத்திரங்கள் வரும் உணவகத்தில் காசு கொடுத்துச் சாப்பிட்டால் 290-ஐ ஒட்டும். இரண்டு குழந்தைகளும் மூன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சில ஆண்டுகளில்தான் திட்டம் நன்றாகக் கைகொடுக்கும். மகளுக்குப் பத்து வயது நிறைவதற்குள் இன்னொரு முறை போக வாய்த்தால், மாமனார் முன் மறுபடியும் தாளை விரிக்க வேண்டியிருக்கும்.